தோளில் இருக்கும் கையை அழிக்க வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

இறந்தவர்களின் படங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றைப் பாதியில் மடித்துவைத்துவிட்டு, எழுந்துபோய் வந்து, மறுபடி படித்தேன். நான் ஸ்டூடியோவில் முப்பத்திரண்டு வருடம் டச்சிங் வேலை, அதாவது எடுத்த படத்தில் குறைகளைத் திருத்தும் வேலை, பார்த்தவள். நெகட்டிவில் பென்சில் பிடித்துத் தொடங்கிய வேலை, கணினியில் முடிந்தது. என் மேசைக்கு வந்த முகங்களில் பாதிக்கு மேல் இறந்தவர்களுடையவை. எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடமில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. ஒரு குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார். உறவினரிடமிருந்து அதை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போகிறது. ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கினேன், அழகாகத்தான் வந்தது. ஆனால் அம்மா அதைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்கிறார்.

பதில்: அம்மாவின் கண்தான் சரியான கண். அந்தச் செயலிக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. கலங்கிய இடத்தில் என்ன இருந்தது என்றும் தெரியாது. எத்தனையோ வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, அங்கே இருந்திருக்கக்கூடிய ஒரு கண்ணையும் ஒரு பல்வரிசையையும் அது வரைந்துவிடுகிறது. வரைந்தது அழகாகவே இருக்கும். ஆனால் அப்பாவின் இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அது போயிருக்கும். நாற்பது வருடம் அந்த இமையைப் பார்த்தவர் உங்கள் அம்மா.

முதலில் அசல் படத்தைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். எடுத்தவரின் கேமராவிலோ கைபேசியிலோ அசல் கோப்பு இருந்தால், அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். பிலிம் காலத்துப் படம் என்றால் நெகட்டிவ் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிண்டில் தெரியாத எத்தனையோ விவரம் நெகட்டிவில் இருக்கும்.

பாஸ்போர்ட் சைஸ் படத்தையும் குறைவாக நினைக்க வேண்டாம். அடையாள அட்டைக்கு எடுத்த மீதிப் பிரதிகள் ஏதாவது ஒரு பழைய கவரில் கிடக்கும். 35க்கு 45 மில்லிமீட்டர் பிரிண்டை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2120 பிக்சல் கிடைக்கிறது. பிரிண்ட் நல்லதாக இருந்தால், 8க்கு 10 அங்குலப் படமாகச் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க அது போதும்.

எங்கு தேடியும் குரூப் போட்டோ மட்டும்தான் என்றால், படத்தைச் சிறிதாகப் போடுங்கள். கணக்கு எளிது. அங்குலத்துக்கு 200 பிக்சலாவது இருந்தால் முகம் முகமாக இருக்கும். அப்பாவின் முகம் படத்தில் 200 பிக்சல் உயரம் என்றால், பிரிண்டில் அது ஓர் அங்குலம் இருக்கட்டும். சுற்றிலும் அகலமாக மவுண்ட் அட்டை வைத்துப் பெரிய பிரேமில் போடலாம். சிறிய படம் என்றால் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. குரூப் போட்டோவிலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் தோள், பின்னால் நிற்பவரின் கை என்று ஏதாவது மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும். பல வருடம் நான் அவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழித்தவள். ஒருமுறை ஒரு பெண் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். அம்மாவின் இடது தோளில் நான்கு சின்ன விரல்கள். பின்னால் நின்ற குழந்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நான் விரல்களை அழித்து, அந்த இடத்தில் துணியின் மடிப்பை இழுத்து வரைந்து, பின்னணியை வெளிர்நீலமாக்கி, சுத்தமாகக் கொடுத்தேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். அப்புறம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “அது என் கைம்மா. ஆறு வயசுல வெச்சது. எடுத்துட்டீங்களா?” என்றார்.

விரல்களைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து, “இது யார் கை?” என்று கேட்காமல் ஒன்றையும் அழித்ததில்லை. நீங்களும் ஸ்டூடியோவில் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எந்த வயதுப் படத்தை மாட்டுவது என்று வீட்டில் சண்டை. அண்ணனுக்கு அம்மாவின் முப்பது வயதுப் படம் வேண்டும். எனக்குக் கடைசி வருடப் படம்.

பதில்: இரண்டையும் மாட்டுங்கள். அண்ணனுக்கு நினைவு தெரிந்தபோது அம்மாவுக்கு முப்பது வயது. உங்கள் பிள்ளைகளுக்கு அவர் நரைத்த தலையோடுதான் பாட்டி. யாருடைய அம்மா உண்மையான அம்மா என்று இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்தப் படமானாலும் முகத்தை வழித்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் காலத்தில் சுருக்கத்தைக் குறைக்க, சுருக்கம் விழுந்த கோட்டின் மேல் கூர்மையான பென்சிலால் பூப்போல நிரப்புவோம். நெகட்டிவில் கறுத்தது பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் மங்கிவிடும். அழகாகச் செய்வேன் என்று எனக்குப் பெயர். ஒருவருக்குப் புருவத்தின் மேலே பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. யாரும் சொல்லாமலே அதை நிரப்பிவிட்டேன். அவருடைய மனைவி படத்தை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்தார். கோபப்படவில்லை. “ராத்திரி முழுக்கப் பார்த்தேன். இவர் வரமாட்டேங்கிறார்” என்றார். பென்சில் கோட்டைத் துடைத்து மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். தழும்பு வந்ததும் அவர் வந்துவிட்டார்.

கேள்வி: என் தம்பி இறந்த அன்று யாரும் இல்லாத நேரத்தில் அவன் முகத்தைக் கைபேசியில் எடுத்துவைத்தேன். வீட்டில் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ. இறந்தவரைப் படமெடுப்பது தவறா? அழித்துவிடவா?

பதில்: தவறில்லை, சகோதரி. அழிக்கவும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

1839இல் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை வெளியிடப்பட்டது. அதற்கு முன்னால் ஓவியரை வைத்து முகத்தை வரையச் சொல்ல வசதியானவர்களால்தான் முடியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகைப்படம் கைக்கெட்டும் விலைக்கு வந்தபோது, பல குடும்பங்கள் முதன்முதலாகப் புகைப்படக்காரரைக் கூப்பிட்டது ஒரு மரணத்தின்போதுதான். அப்போது குழந்தைகள் அதிகம் இறந்த காலம். தூங்குவதுபோலக் கிடத்தி எடுத்த அந்த ஒரு படத்தைத் தவிர, அந்தக் குழந்தைக்கு வேறு படமே இருக்காது. படம் பதிய வெகுநேரம் அசையாமல் இருக்கவேண்டிய காலம் என்பதால், பக்கத்தில் நின்ற பெற்றோர் லேசாகக் கலங்கியும், குழந்தை மட்டும் துல்லியமாகவும் விழுந்த படங்கள் உண்டு. அந்தத் துல்லியத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். 1885இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ இறந்தபோது, நதார் (Nadar) என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் அவரைக் கட்டிலிலேயே படமெடுத்தார். அதை யாரும் கேவலமாக நினைக்கவில்லை.

(இரும்புத் தாங்கியில் பிணத்தை நிற்கவைத்துப் படமெடுத்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். அந்தத் தாங்கி, உயிரோடு இருப்பவர்கள் தலை ஆடாமல் நிற்கப் பின்னால் வைத்தது. ஓர் உடலின் கனத்தை அது தாங்காது.)

தம்பியின் படத்தைத் தனியாக ஒரு போல்டரில் வையுங்கள். கைபேசியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வேண்டாம். சில செயலிகள் ‘இதே நாளில்’ என்று பழைய படத்தைத் தாமாகவே எடுத்துக் காட்டும். அதில் வராதபடி மறைத்துவையுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டில் ஒருவர், ஒரு வருடம் கழித்தோ பத்து வருடம் கழித்தோ, “அவனைக் கடைசியா நான் பார்க்கவே இல்லையே” என்று சொல்வார். அப்போது அவர் கேட்டால் மட்டும் காட்டுங்கள். இப்படி வெளியூரிலிருந்து வந்து சேர முடியாமல் போனவர்களுக்கு அந்த ஒரு படம் எவ்வளவு பெரியது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எடுக்கவேண்டிய நிலை வரும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். படுத்திருப்பவரைக் கால்பக்கம் நின்று எடுக்காதீர்கள். மோவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். பக்கவாட்டில், முகத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே கேமராவைப் பிடியுங்கள். வெளிச்சம் தலைமாட்டிலிருந்து வரட்டும். நிற்கும் மனிதருக்கு வெளிச்சம் மேலிருந்துதானே விழுகிறது? படுத்திருப்பவருக்குத் தலைமாடுதான் ‘மேல்’. கால்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் தலைகீழாக விழுந்து, நமக்குத் தெரிந்த முகமே அந்நியமாகிவிடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு ஜன்னல் போதும்.

கேள்வி: எங்கள் குழந்தை பிறக்கும்போதே உயிரில்லை. செவிலியர் ஒருவர், “ஒரு படம் எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி இப்போது அதையே நினைத்து அழுகிறார்.

பதில்: தம்பி, அந்த நிமிடத்தில் நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னது உங்கள் மனைவியைக் காப்பாற்றத்தான். அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

படம் இல்லாவிட்டாலும் ஏதாவது இருக்கும். கர்ப்பகாலத்தில் எடுத்த ஸ்கேன் படம் இருக்கிறதா? அது வெப்பத்தில் பதியும் தாள் என்றால் சில வருடங்களில் மங்கிவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, சாதாரண போட்டோ பிரிண்டாகப் போட்டுவிடுங்கள். மருத்துவமனையில் கைக்குக் கட்டிய பட்டையோ, போர்த்திய துணியோ இருந்தால் அதை வெள்ளைத் துணிமேல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொடுங்கள். அந்தச் செவிலியரிடமும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். சில இடங்களில் பெற்றோர் பின்னால் கேட்கக்கூடும் என்று பாதரேகை எடுத்துவைத்திருப்பார்கள்.

இந்த இழப்புக்கென்றே 2005இல் அமெரிக்காவில் ‘நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்’ என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். புகைப்படக்காரர்கள் காசு வாங்காமல் மருத்துவமனைக்கு வந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அதிகமும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அம்மாவின் விரலைச் சுற்றி அந்தச் சின்னக் கை, அப்பாவின் உள்ளங்கையில் இரண்டு பாதங்கள். இதைப் படிக்கும் புகைப்படக்காரர்கள் யாராவது தங்கள் ஊர் மருத்துவமனையில் போய், “கூப்பிட்டால் வருகிறேன்” என்று ஒரு எண்ணைக் கொடுத்துவைத்தால் மிகவும் நல்லது.

கேள்வி: இறந்த தாத்தாவின் படத்தைச் சிரிக்கவும் பேசவும் வைக்கும் செயலி இருக்கிறது. பாட்டியின் பிறந்தநாளுக்கு அப்படிச் செய்து கொடுக்கலாமா?

பதில்: பாட்டியிடம் கேட்காமல் செய்யாதீர்கள். 2021இல் மைஹெரிடேஜ் நிறுவனம் பழைய படங்களில் தலையைத் திருப்பி, கண்ணைச் சிமிட்டவைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது நானும் பார்த்தேன். என் அப்பாவின் படத்தைப் போட்டேன். என் அப்பா தலையைத் திருப்பும்போது முதலில் கண் போகும், அப்புறம்தான் கழுத்து திரும்பும். திரையில் இரண்டும் சேர்ந்து திரும்பின. மூன்று நொடிதான். ஆனால் அன்று இரவு அவரை நினைத்தபோது, திரையில் திரும்பியவர்தான் முதலில் வந்தார். பயந்துபோய் அதை அழித்தேன்.

சிலருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் தாத்தாவின் உண்மையான குரல் எங்காவது இருக்கும், அதைத் தேடிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள். யாருடைய கைபேசியிலாவது பத்து நொடி வாய்ஸ் மெசேஜ் இருக்கும். “கதவைத் தாழ் போட்டியா?” என்றுதான் சொல்லியிருப்பார். பாட்டிக்கு அதைக் கேட்கக் கொடுங்கள்.

கேள்வி: ஐம்பது வருடப் படம், பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் கிழிகிறது.

பதில்: கையை எடுங்கள், இன்னும் பிரிக்காதீர்கள்! புகைப்படத் தாளின் மேல் இருப்பது ஜெலட்டின். ஈரக்காற்றில் அது ஊறி, கண்ணாடியில் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியோடு சேர்த்தே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். முகம் நன்றாக வந்துவிட்டால் அதிலிருந்து புதிய பிரிண்ட் போட்டு மாட்டிவிட்டு, அசலைக் கண்ணாடியோடு அப்படியே துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சில பிரிண்ட் பிழைக்கும். கையால் வண்ணம் தீட்டியதும் இங்க்ஜெட் பிரிண்டும் கரைந்தே போய்விடும்.

புதிய பிரேமில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம் இருக்கட்டும். அழகுக்காக மட்டும் இல்லை, அந்த இடைவெளிக்காகத்தான். வெயில் விழும் சுவரிலும் குளியலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். அசல் இருட்டில் இருக்கட்டும்.

வெள்ளத்தில் படங்கள் நனைந்துவிட்டன என்று எழுதியவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிட்டால் அத்தனையும் போச்சு. ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி தனித்தனியாகப் பரப்புங்கள், அல்லது ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான படங்களை இப்படித்தான் கழுவிக் காயவைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ள அடுக்கிவைத்தார்கள். வீடு, சாமான் எல்லாம் போனவர்கள் அங்கே வந்து கேட்டது படத்தைத்தான்.

கேள்வி: கலரா, கறுப்பு வெள்ளையா?

பதில்: அவரை எப்படிப் பார்த்தீர்களோ அப்படி. ஆனால் ஒன்று: எழுபதுகளில் எடுத்த கலர் பிரிண்ட்கள் பல இப்போது செக்கச்செவேலென்று இருக்கும். மற்ற சாயங்களுக்கு முன்னால் நீலப்பச்சைச் சாயம் வெளுத்துவிட்டதுதான் காரணம். அதை ஸ்கேன் செய்து நிறத்தைச் சரிசெய்ய முடியும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். திடீரென்று, “எனக்கு ஒரு நல்ல படம் எடுத்து வெச்சிடு, நான் போனப்புறம் மாட்ட” என்கிறார். அபசகுனமாகப் பேசாதே என்று திட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

பதில்: திட்டியது போகட்டும். இன்றைக்கே போய், “எப்ப எடுக்கலாம்மா?” என்று கேளுங்கள்.

தன் முகம் எப்படி நினைவில் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. என் மேசைக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அவசரத்தில் வந்தவைதான். அழுத கண்ணோடு, ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்று, நோயில் வாடிய முகத்தையோ பத்து வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படத்தையோ கொடுத்தவர்கள். “இதைவிட நல்லது இருந்திருக்கும், தேட நேரமில்லை” என்று அத்தனை பேரும் சொன்னார்கள். உங்கள் அம்மா உங்களை அந்த ஒரு மணி நேரத்திலிருந்து காப்பாற்றப் பார்க்கிறார்.

கொரியாவில் வயதானவர்கள் இப்படி முன்கூட்டியே படமெடுத்து வைத்துக்கொள்வது சாதாரணம். அந்தப் படத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஜாங்சு சாஜின்’. நீண்ட ஆயுள் படம் என்று பொருள். அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் எடுங்கள்.

காலை பத்து மணி வாக்கில், நேர்வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் உட்காரவையுங்கள். கைபேசிதான் என்றால் முகத்துக்கு மிகக் கிட்டே போகாதீர்கள். மூக்கு பெரிதாகிக் காது ஒடுங்கிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். எப்போதும் கண்ணாடி போடுபவர் என்றால் போட்டபடியே எடுங்கள். ஜன்னல் அதில் மின்னினால் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். பிடித்த உடையை அவரே எடுக்கட்டும். மார்பளவோடு நிறுத்தாமல் கைகளும் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள். முகத்தைவிடக் கையைத் தேடி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடுத்ததையெல்லாம் அவரிடமே காட்டுங்கள். எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் நினைத்தது ஒன்றாகவும் அவர் எடுப்பது வேறாகவும் இருக்கலாம், விட்டுக்கொடுங்கள். பிரிண்ட் வந்ததும் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், பெயரையும் தேதியையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.